முன்கூட்டியே எழுதிய தீர்ப்பு

நவம்பர் 9, ஞாயிறு

அருப்புக்கோட்டைக் கோயில் விழாவில் பட்டிமன்றம் பேசிவிட்டு விடிகாலையில்தான் விருதுநகர் வந்து சேர்ந்தேன். தொண்டை கட்டியிருக்கிறது. வயிறும் எரிகிறது. அதற்கு வழியில் சாப்பிட்ட பரோட்டா மட்டும் காரணமில்லை.

தலைப்பு, 'நிம்மதி தருவது சொந்த வீடா, வாடகை வீடா?' நான் சொந்த வீட்டு அணி. மூன்று வாரத்துக்கு முன்பே பேச்சை எழுதி, மனப்பாடம் செய்து, வீட்டுக்காரர் இவரை எதிரில் உட்காரவைத்து இரண்டு முறை பேசியும் பார்த்துவிட்டேன். பொற்கொடி வாடகை வீட்டு அணி. மதுரையிலிருந்து வந்த வேனில் நான் ஏறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "இன்னிக்கி நமக்கு என்னக்கா தலைப்பு?" கேட்டுவிட்டு, சேலைக்கு மடிப்பு வைக்க என்னிடமே ஊக்கு வாங்கிக்கொண்டாள்.

மேடையில் நான் பேசி முடித்ததும் அவள் எழுந்தாள். "சொந்த வீட்டில் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம்" என்று நான் சொல்லியிருந்தேன். "நடுவர் அவர்களே, எங்க மங்களேஸ்வரி அக்கா ஆணி அடிக்கத்தான் வீடு கட்டியிருக்காங்க. நாப்பது லட்சத்துக்கு ஒரு ஆணி!" என்றாள். பந்தலே அதிர்ந்தது. நடுவர் நாற்காலியில் இருந்த முத்தழகர் ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பேச்சுக்கு அவர் ஒருநாளும் கண்ணாடியைக் கழற்றியதில்லை.

நான் இந்தக் குழுவில் சேர்ந்து பதினான்கு வருடம். அவள் வந்து நான்கு வருடம். நான் உழைத்து எழுதுகிறேன், அவள் என் உழைப்பைக் கேட்டுவிட்டுப் பேசுகிறாள். பொறாமைதான். எழுதிவிட்டால் என்ன, இதை யார் படிக்கப்போகிறார்கள்?

நவம்பர் 15, சனி

ஐயா எங்கள் இருவரையும் மதுரைக்கு வரச்சொல்லியிருந்தார். தொண்டையில் ஏதோ வளர்ந்திருக்கிறதாம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அறுவை செய்தபின் ஒரு வருடம் மேடையில் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"பொங்கலுக்கு விருதுநகர் வணிகர் சங்கத்துல வாக்கு குடுத்தாச்சு. எம் மூத்த புள்ள மாதிரி இந்தக் குழு. அன்னிக்கி நாற்காலியில யாரு உக்கார்றாங்களோ, அவங்கதான் இனிமே இத நடத்தப்போறவங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். யாருக்கு விருப்பம்?"

அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் "நான் உக்கார்றேன் ஐயா" என்றேன்.

பொற்கொடி விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யோசிச்சுச் சொல்றேன் ஐயா" என்றாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெண்களை நடுவராக உட்காரவைக்கும் குழுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நாற்காலிக்காக நான் பதினான்கு வருடமாக ஓரத்து மைக்கில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். இவள் யோசிக்கிறாளாம்.

ஐயாவின் முகத்தில் ஒரு சந்தோஷம். என் பதிலுக்கா அவள் பதிலுக்கா என்று தெரியவில்லை. அவள் பதிலுக்குத்தான்.

நவம்பர் 19, புதன்

இன்னும் பதில் சொல்லவில்லையாம். ஐயாவிடம் ஃபோனில் கேட்டேன். காது மந்தமாகிவிட்டதால் அவர் எந்த ஃபோனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார், பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும். "அவ நிதானமா யோசிக்கிறா. யோசிக்கட்டுமே" என்றார். என் அவசரத்தைத்தான் சொல்லிக்காட்டுகிறார் என்று நினைக்கிறேன். இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன். இதுவரை மறந்ததில்லை.

நவம்பர் 22, சனி

எங்கள் குழுவில் பேசும் குற்றாலம் காலையில் ஃபோன் செய்தார். பொற்கொடிக்கும் அவள் புருஷனுக்கும் ஆகவில்லையாம். அவர் ஆறு மாதமாகத் தேனியில் அம்மா வீட்டில் இருக்கிறாராம். வக்கீல் வரை போயிருக்கிறதாம்.

இது ஐயாவுக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்று பட்டது. ஒரு குழுவை ஒப்படைக்கும்போது ஒப்படைக்கப்படுகிறவரின் மனநிலையைப் பார்க்க வேண்டாமா? ஃபோனை வைத்த கையோடு ஐயாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். சாத்தூர் மேடைக்கு அவள் தாமதமாக வந்ததையும் சேர்த்துச் சொன்னேன். வீட்டையே ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் குழுவை எப்படிக் கட்டிக்காப்பாள் என்று கேட்டேன். இல்லாததை ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வேலை என்றால் உடனே முடித்துவிட வேண்டும். மனம் லேசாக இருக்கிறது. மாவு அரைத்தேன், இரண்டு வாரத் துணியைத் தேய்த்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

இன்று ஐயாவைப் பார்க்கப் போனேன். என் மெசேஜைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானாகக் கேட்க முடியுமா? காபி கொடுத்தார். போன வாரம் இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, காலையிலிருந்து மாலைவரை பொற்கொடிதான் கூடவே இருந்தாளாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட ஐயாவுக்கு என் ஞாபகம் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் முதல் பஸ்ஸில் போய் நின்றிருக்க மாட்டேனா? அவள் மதுரைக்காரி, பக்கத்தில் இருக்கிறாள் என்பார்கள். பக்கத்தில் இருப்பதும் ஒரு அதிர்ஷ்டம்தான்.

டிசம்பர் 3, புதன்

வீட்டின் முன்சுவரெல்லாம் பச்சைபச்சையாகத் திட்டு விழுந்துவிட்டது. பொங்கலுக்கு ஆள் கிடைக்காது என்று கார்த்திகை பிறந்ததுமே பெயிண்ட் அடித்தேன். "மழ முடியட்டுமே" என்று இவர் அப்போதே சொன்னார். இப்போது சொல்லிக்காட்டவில்லை, சுவரைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைக் கனைக்கிறார். அதற்குச் சொல்லிக்காட்டியே இருக்கலாம்.

இந்த எரிச்சலில் இருக்கும்போது பொற்கொடி ஃபோன் செய்தாள்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? ஒண்ணு பேசணும்."

"சொல்லு. எனக்கு இங்க சுவரெல்லாம் நாசமாப் போயி உக்காந்துருக்கேன்."

"சரிக்கா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஃபோனில் பேசுவதைக்கூட இவளால் ஒத்திப்போடாமல் இருக்க முடியவில்லை.

டிசம்பர் 13, சனி

கிடைத்துவிட்டது! நாற்காலி எனக்கு.

ஐயாவே கூப்பிட்டுச் சொன்னார். குரல் மிகவும் கம்மிவிட்டது. "பொற்கொடி முடிவா ஒண்ணும் சொல்லல. அக்காவுக்கே குடுங்க, அவங்க ரொம்ப வருசமா ஆசப்பட்டுக்கிட்டு இருக்காங்கன்னா. நீயே உக்காரு மங்களம்."

இவருக்கு ஃபோன் செய்தேன், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியைக்குச் சொன்னேன், ஜவ்வரிசிப் பாயசம் வைத்தேன். பாயசத்தைக் குடிக்கும்போதுதான் உறைத்தது. அவள் விட்டுக்கொடுத்து வந்த நாற்காலி. நான் ஜெயித்து வாங்கவில்லை. ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறேனாம். அவள் யார் என் ஆசையை ஐயாவுக்குச் சொல்ல?

பாயசத்தில் சர்க்கரை கூடிப்போயிருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

வணிகர் சங்கம் கேட்ட தலைப்பு: 'வாழ்க்கையை உயர்த்துவது எதையும் உடனே முடிக்கும் பழக்கமா, ஆறப்போடும் பழக்கமா?' ஆறப்போடும் அணிக்குத் தலைவி பொற்கொடி. வேறு யாரைப் போட முடியும்?

டிசம்பர் 20, சனி

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு முழுவதையும் திருத்தி முடித்தேன். தீர்ப்பையும் எழுதி முடித்தேன்.

எல்லோரும் பேசி முடித்தபின்தான் நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும், எனக்குத் தெரியாதா? ஆனால் இந்தத் தலைப்பில் யாரும் புதிதாக என்ன பேசிவிட முடியும்? ஆறப்போடும் அணி சொல்லக்கூடியது மொத்தமே ஐந்து விஷயம். ஊறுகாய் ஊறினால்தான் ருசி என்பார்கள். பழம் தானாகக் கனிய வேண்டும் என்பார்கள். பத்து மாதம் சுமந்தால்தான் பிள்ளை என்பார்கள். இப்படி ஐந்தும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சிரிக்கச் சிரிக்க ஒரு பதிலும் எழுதிவிட்டேன். "ஊறுகாய் ஊறலாம் பொற்கொடி அவர்களே, ஊழியர் ஊறலாமா?" இதற்குக் கைதட்டல் நிச்சயம். முடிவு: உடனே முடிக்கும் அணிக்கே வெற்றி.

இவரிடம் பேசிக் காட்டினேன்.

"ஏம்மா, அவங்க பேசுறதுக்கு முன்னாடியே தீர்ப்பா?"

"அவங்க என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப அவங்கள எதுக்குக் கூப்புடணும்? நீயே எல்லாத்தயும் பேசிட்டு வந்துரலாமே" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். மின்வாரியத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவருக்கு மேடையைப் பற்றி என்ன தெரியும்?

ஜனவரி 4, ஞாயிறு

எல்லோரும் குறிப்பு அனுப்பிவிட்டார்கள், அவளைத் தவிர. கேட்டதற்கு, "வேன்ல எழுதிக்கிறேன்க்கா" என்றாள். அனுப்பாவிட்டால் போகிறது. அவள் குறிப்பும் என் கையில்தான் இருக்கிறது.

ஐயாவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. இந்த முறையும் ஆஸ்பத்திரியில் அவள்தான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. தீர்ப்பைக் கரண்டி பிடித்துக்கொண்டே மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

ஜனவரி 17, சனி

எழுத வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் வராது. எழுதியே தீர வேண்டும்.

காலை பத்து மணிக்குச் சங்கத்து மண்டபம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் அத்தனை பேரும். ஓரத்தில் ஐயா, கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உடனே முடிக்கும் அணி நான் நினைத்தபடியே பேசியது. ஆறப்போடும் அணியில் குற்றாலம் பழம் கனிவதைச் சொன்னார். மனதுக்குள் ஒரு டிக் போட்டுக்கொண்டேன்.

கடைசியாகப் பொற்கொடி எழுந்தாள். கையில் ஒன்றுமில்லை. ஊறுகாய் வரும் என்று காத்திருந்தேன்.

"நடுவர் அவர்களே, எனக்குக் கோவம் வந்தா சும்மா வராது, சாமி வந்த மாதிரி வரும். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, எனக்கு வேண்டிய ஒருத்தங்க, என்னையப் பத்தி இன்னொருத்தர்கிட்ட பேசினத எங் காதாலேயே கேட்டேன். நான் பக்கத்துல நிக்கிறது அவங்களுக்குத் தெரியாது. வீட்டு விசயம். புருசன் பொண்டாட்டி விசயம். ஆஸ்பத்திரி வராண்டாவுல, ஸ்பீக்கர் போட்ட ஃபோன்ல, ஊசி போட வந்தவங்கள்லாம் கேக்குற மாதிரி."

என் கை மேஜை விரிப்பைப் பிடித்துக்கொண்டது.

"அங்கேயே ஃபோன எடுத்தேன். டோக்கன் நம்பரக் கூப்புட்டாங்க. சரி, வெளிய வந்து பேசுவோம்னு வச்சேன். வெளிய வந்தா ஆட்டோ நிக்குது. வீட்டுக்குப் போயிப் பேசுவோம். வீட்டுக்குப் போனா எம் மக, 'அம்மா, நாளைக்கி ஸ்கூலுக்கு எரிமலை செஞ்சு கொண்டுபோகணும்'ங்கிறா. ஏண்டி, உள்ளுக்குள்ள ஒண்ணு வெடிச்சுக்கிட்டு இருக்கு, அத தூக்கிட்டுப் போன்னு சொன்னேன்."

மண்டபம் சிரித்தது. டீச்சர்கள் சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"இப்பிடியே நாளைக்கி, நாளைக்கின்னு தள்ளுனேன். பெரிய மனசுன்னு நெனச்சுராதீங்க, சோம்பேறித்தனந்தான். ஒரு நா துணிஞ்சு போட்டேன். அவங்க ஏதோ கவலையில இருந்தாங்க. இதுல நாம வேறயான்னு வச்சுட்டேன். அன்னிக்கே பேசியிருந்தா நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டிருப்பேன். நாந்தான் ஜெயிச்சிருப்பேன். ஜெயிச்சு என்ன செய்ய? எனக்கு ஒரு அக்கா இல்லாமப் போயிருப்பாங்க. கோவம் போயிருச்சான்னு கேட்டா, முழுசாப் போகல. இருக்கு. ஆனா கையில தூக்கிட்டு நடக்குற அளவுக்குச் சின்னதாயிருச்சு. அவ்வளவுதான் நடுவர் அவர்களே."

விழுந்தது பாருங்கள் கைதட்டல், நான் பதினான்கு வருடத்தில் வாங்காத கைதட்டல். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். அந்த நிலையிலும் எனக்குத் தோன்றியது இதுதான்: குற்றம் என்னுடையது, கைதட்டல் மட்டும் அவளுக்கா?

தீர்ப்புச் சொல்ல எழுந்தேன். தலையில் ஒன்றுமே இல்லை. எழுதி மனப்பாடம் செய்தது மட்டும் இருந்தது. வாயைத் திறந்ததும் அது தானாக வர ஆரம்பித்துவிட்டது.

"பொற்கொடி அவர்கள் ஊறுகாயைப் பற்றி அழகாகச் சொன்னார். ஊறுகாய் ஊறலாம் பொற்கொடி அவர்களே, ஊழியர் ஊறலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "ஏம்மா, அவுக ஊறுகாயப் பத்திப் பேசவே இல்லையே!" என்றார். அப்போது சிரித்தார்கள். முன்வரிசையில் எங்கள் கணக்கு டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் காது இரண்டும் கொதித்தன. அடுத்த வரியும் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, பத்து மாதப் பிள்ளை. அதையும் அவள் சொல்லவில்லை.

பொற்கொடி தன் பக்கத்து மைக்கை இழுத்தாள். "பேசணும்னுதான்யா வந்தேன், வழக்கம்போல மறந்துட்டேன். நல்லவேள, எங்க நடுவர் எடுத்துக் குடுக்குறாங்க!"

சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. என்னைக் காப்பாற்றிவிட்டாள். அத்தனை பேர் முன்னால், ஒரே வாக்கியத்தில், ஒரு தயாரிப்பும் இல்லாமல். அதற்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

"நான் ஒரு தீர்ப்பு எழுதிட்டு வந்தேன்" என்றேன். "அது இங்க நடந்த வழக்குக்கு இல்ல. கோவத்த ஆறப்போட்டவங்க ஜெயிச்சுட்டாங்க." உட்கார்ந்துவிட்டேன். தீர்ப்பு என்றால் அரைமணி நேரம் பேசுவார் ஐயா. அவ்வளவு சின்னத் தீர்ப்பை எங்கள் ஊர் கேட்டிருக்காது.

பந்தியில் ஐயாவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். சங்கச் செயலாளர் எதிரில் நின்று பரிமாறச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐயா காற்றுக் குரலில் கேட்டார்: "மாசியில மூணு மேடை வந்துருக்கு. அன்னிக்கி நான் சொன்னது இருக்கட்டும், இனிமே யாரு உக்காரப்போறீங்க? நீங்களே சொல்லிருங்க."

"பொற்கொடி உக்காரட்டும் ஐயா" என்றேன்.

உடனே சொன்னேன். ரசம் ஊற்ற வந்தவர் என் இலைக்கு வருவதற்குள் சொல்லிவிட்டேன். ஒரு கவளம் சாப்பிடும் நேரம் யோசித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

பொற்கொடி வாயில் அப்பளத்தோடு என்னைப் பார்த்தாள். "நான் யோசிச்சு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள வைகாசி வந்துரும்" என்றார் ஐயா. செயலாளரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கை கழுவும் இடத்தில் அவளும் நானும் மட்டும் நின்றோம். "நான் தப்புப் பண்ணிட்டேன் பொற்கொடி" என்றேன்.

"ஆமாக்கா. பண்ணுனீங்க" என்றாள். குழாயை மூடினாள். வேன் ஏறும்போது என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் என் வீட்டு வாசலில் இறக்கிவைத்தாள்.

ஜனவரி 18, ஞாயிறு

என்ன காரியம் செய்தேன்? பதினான்கு வருடம். ஒரு ஊறுகாய்க்காகவா விடுவது? முதல் மேடையில் யாருக்கும் தடுமாறும். ஐயாவே ஆரம்பத்தில் தடுமாறியிருப்பார்.

ஃபோனை எடுத்து எழுதினேன்: "ஐயா, நேற்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன். பொற்கொடிக்கு வீட்டுப் பொறுப்பு அதிகம். இந்த வருடம் மட்டும் நானே..." அனுப்ப வேண்டிய இடத்தில் விரல் நின்றது. பக்கத்து வீட்டில் தேங்காய் துருவி கேட்டு வந்தார்கள். எடுத்துக் கொடுத்தேன். பொங்கல் பானையைத் தேய்த்தேன்.

சாயங்காலம் அனுப்பலாம்.

ஜனவரி 19, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கணக்கு டீச்சர் மதியச் சாப்பாட்டில் எலுமிச்சை ஊறுகாயை நீட்டி, வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்று வாங்கித் தின்றேன்.

மெசேஜ் அப்படியே இருக்கிறது. நாளை.

ஜனவரி 22, வியாழன்

வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றினேன். 'வீட்டுப் பொறுப்பு' என்ற இடத்தை எடுத்துவிட்டேன். அனுப்பவில்லை. ரேஷனில் கூட்டம்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். மிட்டாய். நாளைக்குப் பார்க்கலாம்.

ஜனவரி 31, சனி

மாசி மேடைக்கு அழைப்பிதழ் அச்சாகி வந்தது. 'நடுவர்: பொற்கொடி' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நீல நிறத்தில், படத்தோடு. படத்தில் சேலை மடிப்பு சரியாகவே இல்லை. கீழே அணித் தலைவர்கள் வரிசையில் சின்ன எழுத்தில் நான்.

வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது, நவம்பரில் எரிந்ததற்கு ஒரு பொட்டுக் குறைவில்லை.

அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. இனி ஐயாவுக்கு எதை அனுப்பியும் ஆகப்போவதில்லை. ஃபோனை எடுத்து, அந்த மெசேஜை ஒருமுறை முழுவதும் படித்தேன். படிக்கவே கூச்சமாக இருந்தது. அழித்துவிட்டேன்.

அப்பாடா என்றிருந்தது.